கோட்டைக்குப் பால் காய்ச்சிய கதை

நல்லாங்குறிச்சியில் ஒரு சிமெண்ட் கடை இருக்கிறது. அதன் கதவில் கொக்கி கிடையாது. இருபது வருஷமாகக் கயிறு போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், முதலாளி சென்னியப்பன் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு ஒரு மூட்டையைப் புரட்டி, அதில் சுமை தூக்குகிறவர்களுக்காக அச்சடித்திருப்பதை எழுத்து எழுத்தாக விரல் வைத்து வாசித்துக் காட்டுவார்: "கொக்கி உபயோகிக்காதீர்."

"கம்பெனிக்காரன் என்ன, தெரியாமயா போட்டிருப்பானுங்க?"

அவருடைய மச்சான் நாச்சிமுத்து ஒரு தடவை காய்ச்சலோடு டாக்டரிடம் போனார். வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு நாச்சிமுத்து வெறுங்காலோடு வந்திருந்தார். என்ன செய்வார், பாவம்? இரண்டு மைல் திரும்ப நடந்து வீட்டுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குள் டாக்டர் போய்விட்டார். காய்ச்சலும் போய்விட்டது.

நாச்சிமுத்துவின் அக்கா, சென்னியப்பனின் மனைவி, தெய்வாத்தாள். டிவியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "சின்ன இடைவேளை, எங்கயும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டால் போதும். அடுப்பில் பால் பொங்கித் தரையெல்லாம் ஓடினாலும் தெய்வாத்தாள் இடத்தை விட்டு அசையமாட்டார். "அந்தப் புள்ளை நம்மளை நம்பிச் சொல்லிட்டுப் போயிருக்குதுங்க."

இந்த மூன்று பேருக்குத்தான் அயர்லாந்தில் ஒரு கோட்டையில் தங்குகிற யோகம் அடித்தது.

அடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் பெயர் இசக்கிராஜா, பாளையங்கோட்டைக்காரர். வருஷ ஆரம்பத்தில் கடைக்கு வந்தவர், "அண்ணாச்சி, இந்தக் கடைக்கு வாரவன் ஒருத்தனையும் மூட்டை இல்லாம அனுப்பப்படாது, சொல்லிட்டேன்" என்று குஷியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் நல்லாங்குறிச்சியில் ஒருத்தரும் மூட்டை இல்லாமல் போகவில்லை. வழி கேட்டு வந்தவர், ஓட்டுக் கேட்டு வந்தவர், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், எல்லாரும் முதுகில் ஒரு மூட்டையோடுதான் படியிறங்கினார்கள். மாவட்டத்திலேயே அதிக விற்பனை. பரிசு, குடும்பத்தில் மூன்று பேருக்கு அயர்லாந்து. கூட்டிக்கொண்டு போக இசக்கிராஜா.

இசக்கிராஜாவுக்கு இது சாதாரண டூர் இல்லை. ஆறு வருஷமாக அவர் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் மனைவி செண்பகமும் ஒன்றரை வயது மகளும். அந்தக் குழந்தை செல்போனைப் பார்த்து "அப்பா" என்று சிரிக்கும். லீவில் அப்பா நேரில் போய் நின்றால் வீரிட்டு அழும்.

போன வருஷ டூரில் ஒரு டீலர் வெளிநாட்டு ஓட்டலின் நீச்சல் குளத்தில் வேட்டி துவைத்துவிட்டார். கம்பெனி மானம் அந்த வேட்டியோடு சேர்ந்து காற்றில் பறந்தது. அதனால் இந்தத் தடவை மேனேஜர் ஒரே போடாகப் போட்டார்.

"இசக்கி, அந்தக் கோட்டையிலிருந்து ஒரு லெட்டர் கொண்டு வா. 'விருந்தாளிகள் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை'ன்னு, கையெழுத்தோட. லெட்டர் வந்த அன்னைக்கே உனக்குப் பாளையங்கோட்டை. வரலைன்னா அந்தமான்ல நமக்கு ஒரு குடோன் இருக்கு."

விமானத்தில் இசக்கிராஜா மூன்று பேருக்கும் பெல்ட் மாட்டிவிட்டு, கையைக் கூப்பினார்.

"அண்ணாச்சி, மதினி, சின்ன அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அது எண்ணூறு வருஷத்துக் கோட்டை. உங்க சொந்த வீட்டுல எப்படி இருப்பீயளோ, அப்படி இருக்கணும். எனக்கு அது போதும்."

மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டினால் பயப்பட வேண்டும் என்று இசக்கிராஜாவுக்கு அப்போது தெரியாது.

கில்டோரன் கோட்டை ஓர் ஏரிக்கரையில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. நான்கு கோபுரம், முந்நூறு ஜன்னல். உள்ளே நடக்கவே கூச்சப்படுகிற மாதிரி கம்பளம். வாசலில் மேனேஜர் ஃபினூலா அம்மாள், வெள்ளை முடியும் நிமிர்ந்த முதுகுமாக. முப்பத்தொரு வருஷமாக அந்த வாசலில் நின்று வரவேற்கிறவர். அவர் இரண்டு கையையும் விரித்து இங்கிலீஷில் சொன்னார்: "வருக. இந்த நிமிஷத்திலிருந்து இந்தக் கோட்டை உங்கள் வீடு."

இசக்கிராஜா அதை வரி பிசகாமல் தமிழில் சொன்னார். தான் சொன்னதையே அந்த அம்மாளும் சொன்னதில் அவருக்குப் பரம சந்தோஷம். பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, ஃபாரம் நிரப்ப அம்மாளோடு உள்ளே போனார்.

வாசலில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, வீட்டை நமக்கேவா குடுத்துட்டாங்க?" என்றார் தெய்வாத்தாள்.

"அப்படித்தான் சொல்லுச்சு அம்மிணி. ஆபீசர் தம்பியும் அதையேதான் சொல்லுச்சு. சாட்சி ரெண்டாச்சு."

"பத்திரமுங்க மாமா?"

"பெரிய மனுசி வாயில வந்துட்டா அதான் மாப்ள பத்திரம்."

தெய்வாத்தாள் படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். "அப்ப நில்லுங்க. புது வீட்டுக்குள்ள பால் காய்ச்சாமப் போறதா? நேரம் பாருங்க. இன்னைக்கு வேற வியாழக்கெழமை. ஒண்ணரைல இருந்து மூணு வரைக்கும் ராகு காலம்."

சென்னியப்பன் வாட்சைப் பார்த்தார். அது இன்னும் நல்லாங்குறிச்சி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "மணி அஞ்சு. ராகு காலம் முடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. வாங்க போலாம்."

"மாமா, உள்ள மாட்டியிருக்கற கடிகாரம் பன்னெண்டரைங்குதுங்களே. ராகு காலம் இனிமேத்தானுங்க வரோணும்."

"அப்ப இன்னும் வரலை. வாங்க போலாம்."

"முடிஞ்சு போச்சா, வரவே இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் தெய்வாத்தாள். "அது தெரியாம எப்படிங்க காலெடுத்து வெக்கறது?"

சென்னியப்பன் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "ராகு எந்த ஊரு வாட்ச் கட்டியிருக்காருன்னு தெரிஞ்சுட்டாத் தீந்துச்சு."

இதைப் பேசிப் பேசி ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் நாச்சிமுத்து உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா, ஒண்ணரை. வந்துட்டாருங்க" என்றார். எல்லாருக்கும் நிம்மதி. இனி மூன்று மணி வரை நிற்கவேண்டியதுதான்.

உயரத் தொப்பி போட்ட ஒரு காவலாளி, விருந்தாளிகள் உள்ளே போகிறவரை குடை பிடிக்க வேண்டும் என்பது உத்தரவு ஆதலால், அவர்கள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி அவரும் நின்றார். ஆக, அந்த வாசலில் நான்கு பேர்.

"முன்னால மாடு போகோணுமே" என்றார் தெய்வாத்தாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல்லில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். மாட்டுக்காரர் டொனல் என்று ஒரு பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாச்சிமுத்து மாட்டின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டார், முதுகில் ஒரு தட்டுத் தட்டி "ச்சு" என்றார். டொனலும் "ச்சு" என்றார். அதன்பின் இருவரும் அரை மணி நேரம் அவரவர் பாஷையில் பேசினார்கள். ஒரு வார்த்தைகூடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. நாச்சிமுத்து மாட்டோடு வந்தார். பின்னால் கன்றைப் பிடித்துக்கொண்டு டொனலும் வந்தார்.

இந்த இரண்டரை மணி நேரமும் இசக்கிராஜா எங்கே என்று கேட்பீர்கள். ஃபாரம் நிரப்ப ஐந்து நிமிஷம்தான் ஆனது. அதன்பின் ஃபினூலா அம்மாள் கோட்டையின் சரித்திரத்தை ஆரம்பித்தார். எண்ணூறு வருஷம் அல்லவா? மூன்று மணிக்குத்தான் சமீப காலத்துக்கு வந்தார். இசக்கிராஜா சாவிகளோடு வெளியே ஓடிவந்தால், எதிரே மாட்டு முகம்.

"அண்ணாச்சி! என்ன இது?"

"மாடுங்க தம்பி."

"மாடுன்னு தெரியுது. இங்கன எதுக்கு?"

"உள்ள போறதுக்குங்க."

"ஏ எய்யா! நமக்குத்தான் ரூம் போட்டிருக்கு, மாட்டுக்குப் போடலியே!"

"அது தங்காதுங்க தம்பி. ஒரு எட்டு வந்துட்டுப் போயிரும்."

மாடு அந்த ஒரு எட்டை எடுத்து வைத்தது. சேற்றுக் குளம்போடு கம்பளத்தின் நடுவில் போய் நின்றது. சுற்றிலும் சுவரில் தொங்கிய பிரபுக்களை ஒரு தடவை பார்த்தது. பிறகு வாலைத் தூக்கி, கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாடு எதைச் செய்தால் குடும்பம் விருத்தியாகுமோ அதை, தாராளமாக, நின்று நிதானித்துச் செய்தது.

"ஆஹா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் தெய்வாத்தாள். "நம்மூர்ல மணிக்கணக்காக் காத்துக் கெடக்கோணும். இந்த ஊரு மாட்டுக்கு எத்தனை நல்ல மனசு பாருங்க!" பூந்தொட்டியில் இருந்து இரண்டு இலையைக் கிள்ளி, கோமியத்தில் தொட்டு, சோபா மேலும் பிரபுக்கள் மேலும் தெளித்துக்கொண்டே போனார்.

அந்தக் கோட்டைக்கு ராஜகுமாரர்கள் வந்ததுண்டு, பாதிரியார்கள் வந்ததுண்டு, பணக்காரர்கள் தங்கள் நாய்க்குத் தனி அறை கேட்டதுண்டு. எல்லாவற்றையும் பார்த்த ஃபினூலா அம்மாள் வாயைத் திறந்தார்.

"ஓ."

"அம்மிணி என்னங்க தம்பி சொல்லுது?" என்றார் சென்னியப்பன்.

"'ஓ'ன்னு சொல்லுதாங்க" என்றார் இசக்கிராஜா, அழுகிற குரலில்.

"பரவாயில்லீங்களே! தமிழ் நல்லாப் பேசுது."

அடுத்தது பால். பெரிய கூடத்தில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குக் கணப்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒயின் பாட்டிலைக் குளிர வைக்கிற வெள்ளி வாளியில், கூடத்திலேயே கறந்த பாலை ஊற்றி, கணப்பில் வைத்தார்கள். கிழக்குப் பக்கமாகப் பொங்கினால் நல்லது. ஆனால் கிழக்கு எது? நாச்சிமுத்து ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாப் பக்கமும் மேகம், சூரியன் வந்து போன சுவடே இல்லை.

"மாமா, இந்த ஊர்ல கெழக்கே கெடையாதுங்களாட்டம் இருக்குது."

"அப்ப எல்லாப் பக்கமும் பொங்கட்டும்" என்றார் சென்னியப்பன்.

பொங்கியது. நெருப்பில் ஊற்றியது. புகை கூரைக்கு ஏறியதும் கோட்டை முழுக்கத் தீ எச்சரிக்கை மணி அலறியது. "கெட்டிமேளத்துக்குக்கூடச் சொல்லி வெச்சிருக்காங்க!" என்று நெகிழ்ந்துபோனார் தெய்வாத்தாள். கால் மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி ஒன்று வந்து, மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாக எட்டுப் பேர் குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். தெய்வாத்தாள் அவர்களை வழிமறித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தார். தன் வீட்டுக்கு முதன்முதலாக வந்தவர்களை அப்படியே அனுப்ப முடியுமா? எட்டுப் பேரும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் போய்விட்டார்கள்.

"ஓஓ" என்றார் ஃபினூலா அம்மாள். கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

இசக்கிராஜா அந்த நோட்டைப் பார்த்தார். அந்தமான் தெரிந்தது. கிளம்புகிற நாள் ஒரு லெட்டர் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "பார்க்கலாம்" என்றார் அம்மாள். எந்தப் பாஷையிலும் அந்த வார்த்தைக்கு ஒரே குரல்தான்.

இசக்கிராஜா மூவரையும் அறைக்குள் விட்டு, கும்பிட்டு, "இனி ஒரு சாமானையும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மூவரும் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டில் சாமான், அதனால் படுக்கவில்லை. நாற்காலி சாமான், அதனால் உட்காரவில்லை. தரையை மட்டும் தவிர்க்க வழி தெரியவில்லை. நாச்சிமுத்து ஒற்றைக்காலில் நின்று பாதியாவது குறைத்துக்கொண்டிருந்தார்.

"எய்யா, தொடுங்க! நல்லாத் தொடுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் இசக்கிராஜா. "ஆனா நீங்க பாக்கும்போது எது எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும். புரிஞ்சுதா?"

"இதை நேத்தே சொல்லியிருந்தா ஒறங்கியிருப்பமுங்களே" என்றார் சென்னியப்பன், பெருந்தன்மையாக.

வெளியே வந்ததும் நடைக்கூடத்தில் ஒரு இரும்புக் கவசம், கையில் ஈட்டியோடு நின்றது. நாச்சிமுத்து நேற்றிலிருந்தே அதற்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாச்மேன் ராத்திரி பூராக் கால் கடுக்க நின்னுட்டிருக்காரு அக்கா. நம்ம வீட்ல வேலை செய்யறவரு."

"ஐயோ, உக்காரச் சொல்லு சாமி."

நாச்சிமுத்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தோளைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். நானூறு வருஷமாக உட்காராத வாச்மேன் கடகடவென்று சரிந்தார். தலை ஒரு பக்கம் உருண்டது, கை ஒரு பக்கம் உருண்டது. நாச்சிமுத்து குனிந்து கழுத்து வழியாக உள்ளே பார்த்தார்.

"மாமா! உள்ள ஆளைக் காணமுங்க! சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டானுங்க!"

"எச்சா வேலை வாங்கிப்புட்டாங்களாட்டம்" என்றார் சென்னியப்பன் வருத்தத்தோடு. "போகட்டும் விடு. ஈட்டியையாவது வெச்சுட்டுப் போனானே, யோக்கியன்."

அப்புறம் மாடிப்படி அருகே ஆள் உயரக் கடிகாரம் ஒன்றைப் பார்த்தார்கள். பார்த்தபோது பத்து இருபது. நாச்சிமுத்துவுக்கு ஆபீசர் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். முள்ளோ நகரப் பார்த்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த குண்டைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோட்டையின் சமையலறை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கும். பத்து இருபதுக்கு யாராவது மதியச் சாப்பாடு போடுவார்களா? பசியில் வாடிய மற்ற விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த அலங்காரப் பழங்களைக் கடித்துப் பார்த்தார்கள். மெழுகு. சாயங்காலம் நான்கு மணிக்கு ஃபினூலா அம்மாள் காரணத்தைத் தேடிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். நாச்சிமுத்துவின் முகம் வேர்த்திருந்தது. ஆனால் அதில் பெருமை பொங்கியது.

"அம்மிணி, நீங்க கவலைப்படாதீங்க. அரை நிமிசம் அசைய விடலை."

"ஓஓஓ" என்றார் அம்மாள். நோட்டில் பதினான்காவது வரி ஏறியது.

மூன்றாம் நாள், டாக்ஸி வாசலில் நின்றது. விமானத்துக்கு நான்கு மணி நேரம். பெட்டிகள் ஏறிவிட்டன. தெய்வாத்தாள் ஏறவில்லை. படிக்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, எந்திங்க. பிளைட்டு போயிரும்!"

"போகட்டுமுங்க தம்பி. அது என்ன, நம்ம வீடுங்களா? இது நம்ம வீடு. பால் காய்ச்சின வீட்டைப் பூட்டிப் போட்டுட்டுப் போறதா? நாப்பத்தெட்டு நாளைக்கு அந்தியில விளக்கு எரியோணும்."

"அக்கா சொல்றது வாஸ்தவமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"நாப்பத்தெட்டு நாள்னா, வர்ற மாசம் கடைசிக்கு மேல ஆயிரும்" என்றார் சென்னியப்பன். "டாக்ஸிக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க தம்பி."

இசக்கிராஜா படியில் உட்கார்ந்தார். செல்போனில் மகள் படம் சிரித்தது. அவருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. "யாரையாச்சும் குடி வச்சிட்டு வாங்களேன் தாயி!" என்று கத்தினார்.

மூவர் முகமும் பளிச்சென்றது.

"அட! ஆபீசர் தம்பிக்கும் மூளை வேலை செய்யுது" என்றார் சென்னியப்பன். சுற்றிலும் பார்த்தார். வாசலில் ஃபினூலா அம்மாள், கையில் கறுப்பு நோட்டு. "அம்மிணியைப் பாத்தா நல்ல குடும்பமாட்டம் இருக்குது. கேளுங்க தம்பி, சொந்த வீடு இருக்குதுங்களான்னு."

மொழிபெயர்க்க வேண்டியது இசக்கிராஜா. கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார். அம்மாள் இல்லை என்றார். கோட்டையின் பின்கட்டில் ஓர் அறையில்தான் முப்பத்தொரு வருஷமும்.

"மொத்தம் எத்தனை பேரு?"

வேலைக்காரர்களையும் சேர்த்துத் தொண்ணூறு பேர் என்றார்.

மூவரும் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள்.

"சின்னக் குடும்பமா இருந்தாத் தேவலை. தொண்ணூறு பேருன்னாத் தண்ணி எச்சாச் செலவாகுமே."

"மாமா, மூணு நாளா மழை நிக்கலைங்க."

"அப்பச் சேரி. ஆணி?"

தெய்வாத்தாள் எழுந்து வந்து சுவர்களைக் காட்டினார். மான் தலை, கேடயம், வாள், பிரபு, பிரபுவின் குதிரை. "அம்மிணி, இதுக்கு முன்ன இருந்த குடித்தனம் எத்தனை ஆணி அடிச்சு வெச்சிருக்குது பாருங்க. அவுங்க அடிச்சதோட போகட்டும். நீங்க ஒண்ணுகூட அடிக்கக்கூடாது. அந்தியானா விளக்கு. வாடகை கீடகை ஒண்ணும் வேண்டாம்."

மொழிபெயர்ப்பைக் கேட்டு, அம்மாள் கறுப்பு நோட்டை மூடினார். பிறகு கேட்டார்: "எத்தனை நாளைக்கு?"

"வழக்கம்போலப் பதினோரு மாசமுங்க" என்றார் சென்னியப்பன். "ஒழுங்கா இருந்தா, நாங்களா உங்களைப் போகச் சொல்லமாட்டமுங்க. பயப்படாம இருங்க."

அந்த முப்பத்தொரு வருஷத்தில் கோட்டைக்கு ஏழு முதலாளிகள் மாறியிருந்தார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முதலில் பார்த்தது ஆட்களில் யாரை அனுப்பலாம் என்பதைத்தான். பயப்படாமல் இரு என்று சொன்ன முதல் வீட்டுக்காரர் இவர்.

"ஓ" என்றார் ஃபினூலா அம்மாள். இது வேறு "ஓ".

இசக்கிராஜா லெட்டரை ஞாபகப்படுத்தினார். அம்மாள் நோட்டைத் திறந்து பதினான்கு வரியையும் உரக்க வாசித்தார்: மாடு, கம்பளம், பிரபுக்கள், வெள்ளி வாளி, தீயணைப்பு வண்டி... வாசித்துவிட்டு, "இதையெல்லாம் செய்தது விருந்தாளிகள் என்று எழுதியிருக்கிறேன்" என்றார்.

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விருந்தாளியா? ஆருங்க விருந்தாளி? நாங்க வீட்டுக்காரங்க! எங்க வீட்டுக்குள்ள நாங்க மாட்டை ஓட்டுவோம், பாலைப் பொங்க வெப்போம், கடியாரத்தைப் பிடிச்சு நிறுத்துவோம். விருந்தாளிங்க பாவம், அவுங்கபாட்டுக்கு உக்காந்து மெழுகுப் பழத்தைத் தின்னுட்டிருந்தாங்க. அவுங்க மேல ஏனுங்க பழி போடறீங்க?"

அம்மாள் யோசித்தார். நியாயம்தான். தப்பான தகவலில் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல அவர். பதினான்கு வரிகளையும் கோடு போட்டு அடித்தார். கோட்டையின் முத்திரை பதித்த தாளை எடுத்து எழுதினார்: 'இந்த மூன்று நாட்களில் எந்த விருந்தாளியும் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை.' கீழே கையெழுத்து.

அந்த லெட்டரைக் கம்பெனி மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஒரே வாரத்தில் இசக்கிராஜாவுக்குப் பாளையங்கோட்டை. குழந்தை பத்து நாள் அழுதது. பதினோராம் நாள் செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டு, அவர் மீசையைப் பிடித்து இழுத்து "அப்பா" என்றது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்து, செண்பகமும் அவரும் குடியேறினார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் மூன்று பேர் நின்றார்கள். நாச்சிமுத்து கையில் ஒரு சுவர்க் கடிகாரம்.

"தம்பிக்குங்க. கடையில வாங்கறப்ப பத்து பத்து. பேட்டரியைக் கழட்டி, அப்படியே அலுங்காமக் கொண்டாந்துட்டனுங்க."

"அம்மிணி தெனமும் விளக்குப் போட்டுப் போட்டோ அனுப்புது" என்றார் சென்னியப்பன். "நல்ல குடித்தனம். ஒரு ஆணி அடிக்கலை."

இசக்கிராஜாவுக்குக் கண் கலங்கியது. இடுப்பில் மகள், பக்கத்தில் செண்பகம், எதிரே இதற்கெல்லாம் காரணமானவர்கள். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி! ஏன் வாசல்லயே நிக்கீய? உங்க சொந்த வீடு மாதிரி நெனச்சு உள்ள வாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்தார். நேரம் கடந்துவிட்டது.

தெய்வாத்தாள் படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். சென்னியப்பன் வாட்சைப் பார்த்தார். தெருமுனையில் நாச்சிமுத்து ஏற்கனவே ஒரு மாட்டின் முதுகைத் தட்டி "ச்சு" என்றுகொண்டிருந்தார்.

"கண்ணு, நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க" என்று செண்பகத்தின் கன்னத்தைத் தடவினார் தெய்வாத்தாள். "பதினோரு மாசத்துக்கு உங்களை ஆரும் போகச் சொல்லமாட்டாங்க. ஆணி மட்டும் அடிக்காம இருந்தாச் சேரி."

இசக்கிராஜா வாயைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரே ஒரு எழுத்துதான் வந்தது.

"ஓ."

தெய்வாத்தாள் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா! மூணே நாள் அங்க இருந்துட்டு வந்து, தம்பி இங்கிலீசு எத்தனை சுத்தமாப் பேசுது!"